மாமா வாங்கிட்டுப் போன பவர் வீடர்: ரிப்பேர் செலவு யார் தலையில?

மஞ்சக்காட்டான்:
ஈரோடு பக்கம் மஞ்சளும் கொஞ்சம் மரவள்ளியும் பண்றேன். மானியத்துல எடுத்த பெட்ரோல் பவர் வீடரை ஆடியில அக்கா வீட்டுக்கார மாமா களை ஓட்ட வாங்கிட்டுப் போனார். ஐப்பசி மழை பூராவும் மாட்டுக்கொட்டாய் தாவாரத்துல சாரல் பட நின்னிருக்கு. கார்த்திகையில போய்ப் பார்த்தா பிளேடெல்லாம் காஞ்ச மண்ணு, டேங்க்குள்ள துரு, ஆக்சிலேட்டர் கேபிள் அசையல. கியர் பிளக்கைத் தொறந்தா ஆயில் பால் டீ கலர்ல ஒழுகுது. கேட்டா, "உன் வண்டி அப்பவே மக்கர்தான மாப்ள"ங்கறார். அக்கா போன்ல அழுவுது. அம்மா "விட்டுத் தொலைடா"ங்குது. காசு கேக்கறது தப்புங்களா?

ஸ்பேனர்:
தாராளமா கேளுங்க. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதம் வரைக்கும் இருக்கு, அது ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்குல நின்னா தண்ணி பிரிஞ்சு டேங்க் அடியில தங்கும், கார்புரேட்டர் ஜெட் அடைச்சுக்கும். அது சின்ன வேலை. ஆயில் வெளுத்திருக்குன்னா கியர் பாக்ஸுக்குள்ள தண்ணி போயிருக்கு, சீல் அவுட். அப்படியே ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, பேரிங்கும் போயிடும். டேங்க்குக்குக் கீழ இருக்கிற பெட்ரோல் வால்வை மூடிட்டு, தானா நிக்கிற வரைக்கும் ஓடவிட்டு வெச்சிருந்தாலே பாதி தொல்லை இல்ல.

நாலுமா நிலம்:
மானிய வண்டிதானே, பாதி சர்க்கார் காசு. இதுக்கா சொந்தத்துல சண்டை?

மஞ்சக்காட்டான்:
சிறு குறு விவசாயிக்கு 50 சதவீதம்தான் மானியம். மீதிக்கு என் சம்சாரத்தோட நகை சொசைட்டியில இருக்கு, இன்னும் திருப்பல. வீட்டுல தினமும் அதான் பேச்சு.

தஞ்சாவூர் மருமக:
வால்வை மூடணும்னு மாமாவுக்கு யாராச்சும் சொல்லிக் குடுத்தீங்களா? கார்த்திகை வரைக்கும் நீங்களும் எட்டிப் பார்க்கல. இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க. அந்த மஞ்சக்காடு பூர்வீகமா? அக்காவுக்குப் பங்கு குடுத்தீங்களா, இல்ல பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கினீங்களா?

மஞ்சக்காட்டான்:
பூர்வீகம்தான். அக்கா இஷ்டப்பட்டுத்தான் போட்டுச்சு. நகை போட்டோம், வருசா வருசம் சீர் குடுக்கறோம். வீடருக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?

தஞ்சாவூர் மருமக:
நெறைய சம்பந்தம். பொண்ணுக்கும் பூர்வீகத்துல பங்குன்னு தமிழ்நாட்டுல 1989லயே திருத்தம் வந்தாச்சு, நாடு முழுக்க 2005ல. வயக்காட்டையே விட்டுக்குடுத்தவ வீட்டுக்கு ஆயில் சீலுக்கு பில் அனுப்புறீங்க. அக்கா அழறது வீடருக்காகன்னா நினைக்கிறீங்க?

வரப்புத் தகராறு:
மருமகக்கா, இதுல நான் ஒத்துக்கமாட்டேன். பங்கை விட்டது அக்கா, வண்டியைக் கெடுத்தது மாமா. பொண்டாட்டி விட்டுக்குடுத்ததைக் காட்டி இவர் கடன் கழிச்சுக்கலாமா? இதுவே வாடகை வண்டின்னா அன்னிக்குச் சாயங்காலமே கழுவிக் கொண்டாந்து விட்டிருப்பார். தார்ப்பாய், ஸ்பிரேயர், ஏணி, எங்க ஊர்லயும் இதே கூத்துதான். மச்சான் வீட்டுப் பொருள்னா மட்டும் மழையில நனையலாம்.

நாலுமா நிலம்:
அதெல்லாம் சரி, பொங்கல் சீரை யார் கொண்டு போறது? செலவைக் கேட்டுட்டு அந்த வாசல்ல போய் நிக்க முடியுமா?

ஸ்பேனர்:
மொதல்ல வண்டியைத் தூக்கிட்டு வாங்கய்யா. கியர் பாக்ஸைப் பிரிக்கும்போது மாமாவையும் பட்டறையில நிறுத்துங்க. தண்ணி வர்றதைக் கண்ணால பார்த்தா "அப்பவே மக்கர்"னு சொல்லமாட்டார்.

மஞ்சக்காட்டான்:
இது நல்ல யோசனைங்க. கார்புரேட்டர், டேங்க் வேலை என் செலவு. சீல், பேரிங் மாமா குடுக்கட்டும். அக்காகிட்ட பேசமாட்டேன், நேரா அவர்கிட்டயே சொல்லிடறேன்.

தஞ்சாவூர் மருமக:
பத்திரத்தைப் பத்தி ஒரு வார்த்தை காணோமே தம்பி.