இலவசமா ஆடிட் பண்ணித் தர்ற சாருக்கு எப்படி நன்றி சொல்றது? சால்வை வேணாம்னுட்டார்

மாலைவகுப்பு_செய்யாறு:
வணக்கம் மக்களே. செய்யாறு பக்கம் ஒரு கிராமத்துல சின்னதா ட்ரஸ்ட் வெச்சு சாயங்கால டியூஷன் நடத்துறோம். அறுபது பசங்க, ரெண்டு டீச்சர், ஒரு ஓட்டு வீடு, வருஷச் செலவு மொத்தமே நாலு லட்சத்துக்குள்ள முடிஞ்சிடும். எட்டு வருஷமா எங்க கணக்க ஒரு ஆடிட்டர் சார் பாக்குறார், இதுவரைக்கும் ஒரு பைசா வாங்கினதில்ல. 2021ல பழைய 12ஏ (ட்ரஸ்ட் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை குடுக்கிறவங்களுக்கு வரிக் கழிவு) பதிவு வெச்சிருக்கவங்க எல்லாரும் திரும்பப் பதியணும்னு சட்டம் மாறினப்போ எங்களுக்கு அது தலையும் புரியல காலும் புரியல, அவரே கூப்பிட்டு பத்திரம் எடுத்துட்டு வாங்கன்னு சொல்லி எல்லாத்தையும் முடிச்சார். அப்ப கிடைச்ச அஞ்சு வருஷம் 2026 மார்ச்சோட முடியுதுன்னும், ஆறு மாசம் முன்னாடியே புதுப்பிக்கிறதுக்கு 10ஏபி ஃபாரம் போடணும்னும் நாங்க மறந்தே போயிட்டோம், அவர் மறக்கல. சின்ன ட்ரஸ்டுக்கு 12ஏ மட்டும் இப்ப பத்து வருஷம் தர்றாங்களாம், அதையும் வாங்கிக் குடுத்துட்டார்.

போன வருஷம் நான் வவுச்சரெல்லாம் ஒரு துணிக்கடை கட்டப்பைல போட்டு எடுத்துட்டுப் போனேன். மனுஷன் தரையில பாய் விரிச்சு மாசம் மாசமா அடுக்குறார். அஞ்சாயிரத்துக்கு மேல போன ரசீதுல ஒரு ரூபா ரெவின்யூ ஸ்டாம்ப் இல்லைன்னு தன் டிராயர்லருந்து எடுத்து ஒட்ட வெச்சார். நடுவுல ஒரு துண்டுச்சீட்டக் கைல பிடிச்சுக்கிட்டு "இதர செலவு 340ன்னு எழுதியிருக்கீங்களே, எதர செலவு?"ன்னார். எனக்கு ஞாபகமே வரல, முழிச்சேன்.

ஆண்டு விழால சால்வை, ஷீல்டுன்னு கமிட்டி முடிவு பண்ணிச்சு. மேடைன்னா நான் வரலைன்னுட்டார். சும்மா விடவும் மனசு வரல. யாராச்சும் இப்படி ஒருத்தருக்கு உருப்படியா ஏதாவது செஞ்சிருக்கீங்களா?

வெட்டிப்பேச்சு77:
ட்ரஸ்டி ஆக்கிடுங்க தல, அதவிட மரியாதை என்ன இருக்கு. இல்லாட்டி அவர் ஃபீஸ் எவ்ளோ வருமோ அந்தத் தொகைக்கு 80ஜி ரசீது போட்டுக் குடுத்துடுங்க, டாக்ஸாவது மிச்சமாகும்ல.

கட்டப்பை_ஆர்ட்டிகிள்:
ஐயோ ரெண்டையுமே பண்ணிடாதீங்கண்ணா. நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ஆர்ட்டிகிள்ஷிப்ல, அதாவது சிஏ பயிற்சில இருக்கேன். ட்ரஸ்டி ஆக்கிட்டீங்கன்னா அதே ட்ரஸ்டோட ஆடிட் ரிப்போர்ட்ல அவர் கையெழுத்துப் போட முடியாது, மரியாதை பண்றேன்னு ஆளையே இழந்துடுவீங்க. 80ஜி பணமா குடுத்தாத்தான், உழைப்புக்கோ பொருளுக்கோ கிடையாது. சரி, ஃபீஸ செக்கா குடுத்து அவர் அதையே நன்கொடையா திருப்பித் தரட்டும்னு யோசிச்சீங்கன்னா, ஃபீஸ் முழுசா அவர் வருமானத்துல ஏறும், கழிவு பெரும்பாலும் பாதிதான், புது வரி ரிஜீம்ல இருந்தா அதுவும் கிடையாது. இலவசமா பண்ணவருக்கு கைக்காசு நட்டம்.

உங்களுக்குக் கோவம் வந்தாலும் பரவால்ல, இன்னொண்ணும் சொல்லிடறேன். எங்க சாரும் நாலஞ்சு ட்ரஸ்டுக்கு ஃப்ரீயா பண்றார். அதுல பாதிப்பேர் கட்டப்பையத் தூக்கிட்டு வர்றது செப்டம்பர் 28ம் தேதி, 30க்குள்ள ரிப்போர்ட் ஏத்தணும். பேங்க் ஸ்டேட்மெண்ட்ட போன்ல படம் பிடிச்சு நாப்பது போட்டோவா அனுப்புவாங்க. நன்கொடை குடுத்தவங்க பான் நம்பர் கேட்டா "அவரு ரொம்பப் பெரிய மனுஷன் தம்பி, எப்படிப் போய் கேக்குறது"ம்பாங்க. அது இல்லாம மே 31க்குள்ள போட வேண்டிய 10பிடி, அதான் நன்கொடைப் பட்டியல் ஃபாரம், எப்படிப் போடுறது, லேட்டானா ஒரு நாளைக்கு 200 ரூபா. பேரு சாருக்கு, ராத்திரி உக்காந்து என்ட்ரி போடுறது நாங்க. இந்த வருஷம் ஜூலைலயே மாசவாரியா கட்டி ஒரு ஃபைல் குடுத்துப் பாருங்க. அப்புறம் அந்த ஆபீஸ்ல உங்க கணக்க எழுதுற பசங்க பேரு என்னன்னு கேளுங்க.

கோவை_டிராயிங்போர்டு:
நான் ஆர்க்கிடெக்ட், இலவசமா செஞ்சு குடுக்கிற பக்கம் நிக்கிற ஆளு. மாற்றுத்திறனாளிப் பசங்க தங்குற ஒரு இல்லத்துக்கு டாய்லெட் ப்ளாக்கும் ரேம்ப்பும் சும்மா வரைஞ்சு குடுத்தேன். பட்டபாடு கொஞ்சமில்ல, ஏழு தடவ மாத்தினேன், ராத்திரி பத்தரைக்கு "மேடம் சின்ன சேஞ்ச்"னு வாட்ஸப் வரும், காசு குடுக்கிற கிளையண்ட் கூட அப்படிப் பண்ணமாட்டான். ஒண்ணரை அடி திண்ணை, ஒரு அடி உயரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம்ங்கிற கணக்குல பதினெட்டு அடி ரேம்ப் வேணும், மேஸ்திரி இடம் வேஸ்ட்டாகுதுன்னு எட்டு அடில செங்குத்தா போட்டுட்டார். இடிக்கச் சொன்னேன். இலவசமா வந்துட்டு இந்தம்மாவுக்கு இவ்ளோ ரூல்ஸான்னு என் காது படவே பேச்சு.

அடுத்த வருஷம் பொங்கலன்னிக்கு அங்க சமையல் பண்ற அக்கா ஒரு வீடியோ அனுப்பினாங்க. ஒரு பையன் வீல்சேர்ல தானே உருட்டிக்கிட்டு ஏறுறான், பின்னாடி யாரும் தள்ளல, மேல போனதும் திரும்பிப் பார்த்து நாக்க நீட்டுறான். பதினோரு செகண்டு. ரெண்டு போன் மாத்திட்டேன், அது மட்டும் கூடவே வருது. அவங்க குடுத்த குத்துவிளக்கு ஷீல்டு எந்தப் பரண்ல கிடக்குன்னு தெரியாது. உங்க சாருக்குத் தெரியிறது நம்பர்தான்யா, அந்த நம்பருக்குப் பின்னாடி என்ன நடந்துச்சுன்னு அவருக்கு யாரு சொல்லியிருக்கா?

கறுப்புக்கோட்டு:
நான் வக்கீல், ட்ரஸ்ட் பத்திரம் சில பேருக்கு இலவசமா எழுதித் தந்திருக்கேன். என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான், ஃபேஸ்புக்ல நம்பரோட போட்டு நன்றி சொல்லாதீங்க. ஒரு புண்ணியவான் அப்படிப் போட்டார், ரெண்டு மாசத்துல இருபது பேரு "சார் நீங்க ஃப்ரீயா பண்ணுவீங்களாமே"ன்னு. சொத்துத் தகராறுக்கெல்லாம் வந்துட்டாங்க. ஆண்டறிக்கைல பேர் போடுறதா இருந்தாலும் முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

மாலைவகுப்பு_செய்யாறு:
லேட்டா வர்றதுக்கு மன்னிக்கணும். கட்டப்பை தம்பி சொன்னது சுருக்குன்னுதான் இருந்துச்சு, ஏன்னா நானும் செப்டம்பர் கடைசி கேஸ்தான். இந்தத் தடவ ஜூலை 10ம் தேதியே பன்னெண்டு கவர், மேல மாசத்தோட பேரு, பான் நம்பரெல்லாம் ஒரு நோட்டுல. வெட்கத்த விட்டு பெரிய மனுஷங்ககிட்டயும் கேட்டுட்டேன், ஒருத்தரும் கோவிச்சுக்கல. ஆபீஸ்ல ரெண்டு பொண்ணுங்க ஒரு பையன், மூணு பேருக்கும் எங்க டீச்சரம்மா சுட்ட முறுக்கு.

மேடம் சொன்னத வெச்சு சாருக்கு ஒரு பக்கம் லெட்டர் எழுதினேன். நீங்க வாங்கிக் குடுத்த 80ஜி இருந்ததாலதான் ஒரு கம்பெனில வேலை பாக்குற ஃப்ரெண்ட்ஸ் கூட்டம் சேர்ந்து பணம் குடுத்தாங்க, அதுல சோலார் லைட் போட்டோம், முன்னெல்லாம் கரண்ட் போனா பசங்கள வீட்டுக்கு அனுப்பிடுவோம், இப்ப ஏழரை வரைக்கும் வகுப்பு ஓடுதுன்னு. அவ்ளோதான், பெருசா ஒண்ணும் எழுதல.

பதிலே வரல. போன வியாழக்கிழமை சாயங்காலம் வாசல்ல ஒரு டிவிஎஸ் வண்டிச் சத்தம், பாத்தா சார். செருப்பக் கழட்டிட்டு கடைசிப் பாய்ல பசங்களோட உக்காந்துட்டார். ஒரு சுட்டி "நீங்க எந்த வகுப்பு தாத்தா"ன்னு கேட்டுடுச்சு. சிரிச்சார். ரொம்ப நேரம் அந்த லைட்டையே அண்ணாந்து பார்த்துட்டு இருந்தவர், அதுலருந்து செவுத்தோரமா இறங்குற புது ஒயரக் காட்டி இது எப்ப மாத்தினதுன்னார். எலி கடிச்சிடுச்சு சார், போன வருஷம் மாத்தினோம், ஒயரும் ஹோல்டரும்னேன்.

"எவ்ளோ ஆச்சு?"

அப்பதான் எனக்கே பொறி தட்டுச்சு. 340.

"யோவ், இத அன்னிக்கே சொல்லியிருந்தா ரிப்பேர் செலவுல போட்டிருப்பேனேய்யா"ன்னு தலைல அடிச்சுக்கிட்டார்.