ஹாட் டாய்ஸ்: டீலக்ஸுக்குக் கூடுதல் காசு தகுமா?

நண்பர்களே, ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் நிறுவனம் சேகரிப்பாளர்களுக்காகச் செய்யும் 1/6 அளவு (ஆள் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு) பாத்திர உருவங்கள் பலவற்றுக்குச் சாதாரணம், டீலக்ஸ் என்று இரு பதிப்புகளில் முன்பதிவு எடுக்கிறார்கள். உடலும் உடையும் பெரும்பாலும் ஒன்றேதான். டீலக்ஸில் இன்னொரு தலை, ஆயுதங்கள், பெரிய பீடம் என ஏதாவது சேரும். விளம்பரத்தில் கண்ணைப் பறிக்கும் படங்கள் டீலக்ஸுடையவை. அதுவும் மாதிரி உருவத்தை எடுத்தவை, இறுதிப் பொருள் மாறலாம் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

பீடம் பெரிதானால் பெட்டி பெரிதாகும்; எடை குறைந்த பெரிய பெட்டி என்றால், விமான கூரியரில் எடையை விட அதன் கொள்ளளவே கட்டணத்தைத் தீர்மானிக்கும். சுங்கமோ விலையோடு சேர்ந்து ஏறும். ஆக, விலைப்பட்டியலில் தெரியும் வித்தியாசம் வீடு வந்து சேரும்போது இன்னும் கூடிவிடும்.

டீலக்ஸ் பெட்டி வாங்கியவர்கள் அதன் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் சொல்ல முடியுமா? மறுவிற்பனையில் அந்தக் கூடுதல் தொகை திரும்புகிறதா, இல்லை துணைப்பொருட்களைத் தனியாக விற்றால்தான் தேறுமா? முன்பணம் திரும்பாத கடைகளில் தவணை கட்டுவதை நடுவில் நிறுத்தியவர்களும் என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள்.