விடைகள் தராத கோடிட்ட இடங்களில் மட்டும் சறுக்குகிறேன், உதவுங்கள்

கேட்டவர்:
வணக்கம். கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் ஆங்கிலத் தேர்வுக்குப் படித்து வருகிறேன். ரீடிங் அண்ட் யூஸ் ஆஃப் இங்கிலிஷ் தாளின் முதல் பகுதியில் நான்கு நான்கு விடைகள் கொடுப்பதால் சமாளித்துவிடுகிறேன். இரண்டாம் பகுதியில்தான் அடி. 8 இடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே சொல், தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. பாதிதான் தேறுகிறது. விடையைப் பார்த்ததும் 'அட, இது தெரியுமே' என்று தோன்றுவதுதான் வேதனை. நேற்று விட்டவை:

ஹி வென்ட் டு வொர்க் ____ ஹி வாஸ் இல்.
த ஹவுஸ் இன் ____ ஐ வாஸ் பார்ன்.
ஷி ஹேஸ் ____ ஃப்ரெண்ட்ஸ் ஹியர், ஸோ ஷி ஃபீல்ஸ் லோன்லி.

முறையே டெஸ்பைட், வேர், மெனி என்று எழுதியிருந்தேன்.

முதல் பதில்:
முதல் இரண்டிலும் நீங்கள் பொருளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் அந்த இடத்தில் எந்த வகைச் சொல் உட்காரும் என்று பார்க்கவில்லை. 'உடம்பு சரியில்லாவிட்டாலும்' என்று தமிழில் யோசித்தால் டெஸ்பைடும் ஆல்தோவும் ஒன்றுபோலவே தெரியும். ஆங்கிலத்தில் டெஸ்பைடுக்குப் பின் பெயர்ச்சொல் அல்லது ஐஎன்ஜி வடிவம் வர வேண்டும். இங்கே கோட்டுக்கு வலப்பக்கம் 'ஹி வாஸ்' என்று எழுவாயும் வினையும் நிற்கின்றன. அதனால் ஆல்தோ, அல்லது தோ.

இரண்டாவதில் தடயம் இடப்பக்கம். 'இன்' இல்லாவிட்டால் வேர் சரி. 'இன்' வந்துவிட்டதால் விச். 'நான் பிறந்த வீடு' என்று எச்சத்திலேயே சொல்லிமுடிக்கிற நமக்கு இந்த இணைப்புச் சொல் எளிதில் நினைவுக்கு வராது. எனக்கும் நெடுநாள் இதே தொல்லை இருந்தது. இப்போது விடையை யோசிக்கும் முன்பே ஓரத்தில் 'இணைப்புச் சொல்', 'துணைவினை', 'முன்னிடைச்சொல்' என்று பென்சிலால் குறித்துக்கொள்கிறேன். அப்புறம்தான் சொல்லைத் தேடுவேன். தேட வேண்டிய கூட்டம் சின்னதாகிவிடும்.

இரண்டாவது பதில்:
மூன்றாவது வேறு கதை. மெனி இலக்கணப்படி பொருந்துகிறது, கருத்துதான் தலைகீழ். நிறைய நண்பர்கள் இருந்தால் ஏன் தனிமை? விடை ஃபியூ. நீங்கள் காற்புள்ளி வரை வந்ததும் எழுதிவிட்டீர்கள். முதலில் பத்தி முழுவதையும் கோடுகளைக் கண்டுகொள்ளாமல் ஒருமுறை படியுங்கள். 75 நிமிடத்தில் 52 கேள்விகள் என்பதால் மனம் அவசரப்படும், தெரியும். ஆனாலும் இந்த ஒரு வாசிப்பை விடாதீர்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, எதையும் காலியாகவும் விட வேண்டாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று இன்னொரு தாளில் ஓரக் குறிப்போடு செய்தேன், 6 சரி! ஒரு சந்தேகம்: அந்த மூன்றாவது வாக்கியத்தில் 'நோ' போட்டாலும் பொருந்துகிறதே? இரண்டையும் எழுதலாமா?

முதல் பதில் தந்தவர்:
அந்த வாக்கியத்தை மட்டும் தனியே பார்த்தால் 'நோ'வும் பொருந்தும். தேர்வில் சுற்றியுள்ள வரிகள் முடிவுசெய்யும்: அடுத்த வரியில் நண்பர் ஒருவர் வந்தால் 'நோ' விழுந்துவிடும். எப்படியானாலும் ஒன்றை மட்டுமே எழுதுங்கள். ஒரே சொல் கேட்ட இடம் அது. சரி, அந்த மீதி 2 எவை? இங்கே போடுங்கள், பார்ப்போம்.