கண்டாங்கிச் சேலையில் டேபிள் மேட்

அம்மாவின் பழைய கண்டாங்கி நைந்துவிட்டது. பார்டர் மட்டும் திடமாக இருக்கிறது. தட்டுக்கு அடியில் போட மெத்தென்று மேட் தைக்கலாமென்று ஆசை. பழைய மெத்தை உறை மாதிரி தெரியக் கூடாது. உள்ளே என்ன வைப்பது?

பதில் 1: பாலியெஸ்டர் பஞ்சு வேண்டவே வேண்டாம், மிகச் சூடான பாத்திரம் பட்டால் உருகலாம். பழைய பருத்தித் துண்டே போதும். 18க்கு 13 அங்குலம் நல்ல அளவு. தைக்கும் முன் எல்லாத் துணியையும் அலசிவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் சுருங்கும்.

பதில் 2: பார்டரை நாலு பக்கமும் சுற்றாதீர்கள், அலுத்துப்போன வேலை அது! இடது ஓரத்திலிருந்து 3 அங்குலம் தள்ளி ஒரே பட்டையாக வையுங்கள். மீதி வெறும் காடாத் துணி. அதன்மேல் வங்காளத்துக் காந்தா கைத்தையல் போல அரக்கு நிற நூலில் ரன்னிங் தையல். நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போங்கள், சுருக்கம் விழாது.

கேட்டவர்: அரக்கு நூல் இருக்கிறது. காடாத் துணிக்குத்தான் நாளைக்குக் கடைக்குப் போகணும்.