ஒயில் மட்டம் கூடுகிறது, சார்ஜ் குறைகிறது: 2012 பிரியஸ் பிளக்-இன், உதவி தேவை

கேள்வி (ஆரையம்பதி)

அண்ணன்மாருக்கு வணக்கம். என்னுடையது டொயோட்டா பிரியஸ் பிளக்-இன் (பிளக்கில் சார்ஜ் போட்டால் பற்றரியில் ஓடும், அது தீர்ந்தால் பெற்றோல் எஞ்சின் தொடங்கும்), 1.8 லீற்றர் எஞ்சின், ஒரு இலட்சத்து 40 ஆயிரம் கிலோமீற்றர் ஓடிவிட்டது. வேலை மட்டக்களப்பு டவுனில். போக எட்டுக் கிலோமீற்றர், வர எட்டு. முன்பு முழுச் சார்ஜில் 20 வரை எஞ்சின் தொடங்காமலே ஓடும். இப்போது 12 தாண்டாது.

அதுகூடப் பழகிவிட்டது. நேற்று ஒயில் பார்க்கிற கம்பியைத் துடைத்து விட்டு இழுத்தால், மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரல் அகலம் நிற்கிறது. நான் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. மாற்றி 14 மாதம், ஓடியது ஏறக்குறைய 5,000. கராஜில் கேட்டால் பெரிய பற்றரியை மாற்றச் சொல்கிறார்கள். அந்தக் காசு இப்போது கையில் இல்லை.

பதில் (கல்முனை)

தம்பி, கம்பியில் உள்ள ஒயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணக்கிறதா?

கேள்வி கேட்டவர்

மணக்கிறது அண்ணன். தண்ணீர் மாதிரி வழுக்குகிறது. ஊற்றுகிற மூடிக்கு அடியில் எருமைத் தயிர் ஆடை போல வெள்ளையாகவும் படிந்திருக்கிறது.

பதில் (கல்முனை)

அப்படியென்றால் உங்கள் இரண்டு பிரச்சினையும் ஒன்றுதான். போய்வர 16 கிலோமீற்றர், பற்றரி தருவது 12. மிச்ச நாலு கிலோமீற்றருக்குத்தான் எஞ்சின் தினமும் குளிராகத் தொடங்குகிறது. குளிர் எஞ்சினுக்குப் பெற்றோல் கூடுதலாகப் பாயும். எரியாதது சிலிண்டர் சுவர் வழியே ஒயிலுக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அதுவும் ஈரமும் ஆவியாகிப் போயிருக்கும். சூடேற முன்னரே நீங்கள் வீட்டு வாசலில் நிற்கிறீர்கள். 14 மாதமாக இதுதான் நடந்திருக்கிறது.

ஒயிலை இன்றைக்கே மாற்றுங்கள், ஃபில்டரோடு. 0W-20 என்கிற மெல்லிய ஒயில்தான் போட வேண்டும், 4.2 லீற்றர் பிடிக்கும். பழைய வண்டி என்று தடித்த ஒயில் ஊற்ற விடாதீர்கள். இனிமேல் கிலோமீற்றரைப் பார்க்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கிழமைக்கு ஒரு நாள் எச்வி பட்டனை (எஞ்சினையும் சேர்த்து ஓட வைப்பது) அழுத்திவிட்டுக் கல்முனைப் பக்கம் ஒரு ஓட்டம் வாருங்கள். 30 கிலோமீற்றர் சொச்சம் எஞ்சினுக்கு மருந்து.

வேலை இடத்தில் எர்த் சரியாக உள்ள பிளக் கிடைத்தால் அங்கேயும் சார்ஜ் போடுங்கள், ஒன்றரை மணித்தியாலம் போதும். வீட்டில் இரவு முழுக்க நிறைத்து வைக்காமல் விடியப்புறம் போடுங்கள். நிறைந்த பற்றரியை வெயிலில் நிறுத்துவதுபோல அதைக் கெடுப்பது வேறில்லை, நம் ஊர் சித்திரை வெயில் தெரியும்தானே.

பதில் (அக்கரைப்பற்று)

கல்முனைக் காக்கா (அண்ணன்) சொன்னது சரி. ஆனால் மூடியில் வெள்ளை என்றால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) போத்தலையும் பாருங்கள். இந்த எஞ்சினில் ஈஜிஆர் (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்குத் திருப்பும் பகுதி) அடைத்து ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போவது உண்டு, போனால் கூலன்ட் ஒயிலில் கலக்கலாம். கூலன்ட் குறைந்தாலோ காலையில் எஞ்சின் நடுங்கினாலோ வண்டியை ஓட்ட வேண்டாம்.

பின் சீட்டுப் பக்கம் பற்றரிக்குக் காற்று போகும் துவாரம் இருக்கிறது. அதைக் கழற்றிப் பாருங்கள், எனக்கு அதில் வைக்கோல் தூசியும் பிள்ளைகளின் டொபித் தாளும் கிடந்தது. பின்னால் உள்ள 12 வோல்ட் சின்னப் பற்றரியையும் அளந்து பாருங்கள். இரவு நிறுத்தி வைத்து 12.2 க்குக் கீழே காட்டினால் முதலில் அதை மாற்றுங்கள். பெரிய பற்றரியை நீங்களாகத் திறக்கவே கூடாது, உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல்.

கேள்வி கேட்டவர் (மூன்று கிழமைக்குப் பிறகு)

ஒயில் மாற்றியாயிற்று. வடிந்தது கறுப்புத் தண்ணீர்தான். கூலன்ட் குறையவில்லை. துவாரத்தில் ஒரு கைப்பிடித் தூசி. சின்னப் பற்றரி 11.9 காட்டியது, புதிது போட்டேன். அலுவலகக் காவலாளி அண்ணன் பிளக் தந்தார், இப்போது வேலை நாளில் எஞ்சின் தொடங்குவதே இல்லை. ஞாயிறு கல்முனை வந்து திரும்பினேன். இன்று காலை கம்பியை இழுத்தேன்: மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே, தேன் நிறத்தில், பெற்றோல் மணம் இல்லை. சார்ஜ் தூரம் அதே 12 தான், அது போதும். இரண்டு பேருக்கும் நன்றி.