ஆயுதம் எடுக்காமல் ஒரு ஆட்சியை இறக்க முடியுமா?

வடகாற்று:
துப்பாக்கி வைத்திருப்பவன் துப்பாக்கிக்குத்தான் பயப்படுவான் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். 1986-இல் பிலிப்பைன்ஸ் மக்கள் ஜனாதிபதி மார்க்கோஸை ஆயுதமில்லாமல் இறக்கியதைக் காட்டினால் "அது விதிவிலக்கு" என்று முடித்துவிட்டார். அப்படித்தானா?

நெய்தல்:
விதிவிலக்கு என்று ஒதுக்குமுன் அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். மார்க்கோஸ் 1965-இல் வந்தவர், 1972-இல் ராணுவச் சட்டம் போட்டவர். 1986 பிப்ரவரி தேர்தலில், கணினியில் வாக்குகளைத் தொகுத்துக்கொண்டிருந்த ஊழியர்கள் முடிவுப் பலகையில் ஏறும் எண்ணும் தங்களிடம் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய், ஒரு தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். இந்தப் புரட்சியில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். அப்புறம் பிப்ரவரி 22-இல் பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயும் ஜெனரல் ராமோஸும் பிரிந்து வந்தார்கள், கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் சின் வானொலியில் மக்களை அழைத்தார், தலைநகர் மணிலாவின் எட்சா சாலை நிரம்பியது. டாங்கிகளுக்கு முன்னால் கன்னியாஸ்திரிகள் ஜெபமாலையோடு முழங்காலிட்டார்கள். சிப்பாய்கள் சுடவில்லை. 25-ஆம் தேதி இரவு மார்க்கோஸ் அமெரிக்க ஹெலிகாப்டரில் போய்விட்டார்.

கரிசல்:
சிப்பாய் சுட்டால்? மியான்மரில் 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு மருத்துவர், ஆசிரியர், ரயில்வே ஊழியர் எல்லாரும் வேலையை நிறுத்தினார்கள், தினமும் இரவு எட்டு மணிக்கு வீடு வீடாகப் பாத்திரம் தட்டினார்கள். ராணுவம் சுட்டுக்கொண்டே இருந்தது. சில மாதங்களில் இளைஞர்கள் காட்டுக்குப் போய் ஆயுதம் எடுத்தார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ராணுவத்துக்குச் சொந்தக் கம்பெனிகள், தனிக் குடியிருப்பு, தனி உலகம். ஊரோடு ஒட்டு உறவே இல்லாத சிப்பாயிடம் ஜெபமாலை என்ன செய்யும்?

நெய்தல்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மணிலாவிலும் ராணுவம் தானாகப் பிளக்கவில்லை. 1983-இல் விமான நிலையத்தில் எதிர்க்கட்சித் தலைவர் நினோய் அக்கினோவைச் சுட்டுக் கொன்றதிலிருந்து இரண்டரை வருடம் ஊர்வலம் ஊர்வலமாக நடந்து சேர்த்த அழுத்தம் அது.

தாழை:
என்ரிலே கூட்டம் முதலில் திட்டமிட்டது ஆயுதப் புரட்சிதான், அது முன்கூட்டியே அம்பலமானதால்தான் ராணுவ முகாமுக்குள் ஒதுங்கினார்கள், மக்கள் வந்து காப்பாற்றினார்கள். அதைவிட எனக்கு முக்கியம் அடுத்த வருடம். 1987 ஜனவரியில் நிலம் கேட்டு அரண்மனையை நோக்கி நடந்த விவசாயிகளை அரண்மனைக்கு அருகே மெந்தியோலா தெருவில் சுட்டார்கள், பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். அப்போது ஜனாதிபதி நினோயின் மனைவி கொராசோன் அக்கினோ, அவர் பிறந்த குடும்பத்துக்கே ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் கரும்புத் தோட்டம் இருந்தது. ஆளை இறக்க ரத்தம் வேண்டியதில்லை என்பதை எட்சா காட்டியது. பண்ணையார் கையிலிருந்து நிலத்தை இறக்கவும் அதே வழி போதுமா என்று உங்கள் நண்பரிடம் கேளுங்கள், எனக்கு அந்தப் பதில்தான் வேண்டும்.