மறுமொழி: 'சுழற்சிக் கலப்பு' வேண்டாம், 'குடிமாற்று' போதும்

ஐயா, வணக்கம்.

ஆய்வுகூடக் காடை வளர்ப்புக்கான சொற்பட்டியலில், ஆண் பறவைகளைக் குடும்பம் மாற்றி இணைக்கும் முறைக்குச் 'சுழற்சிக் கலப்பு' என்று நீங்கள் பெயர் இட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கலப்பு என்றதும் இரண்டு இனங்களைச் சேர்ப்பதாகவே கோழி வளர்ப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இங்கே நடப்பதோ ஜப்பானியக் காடை ஒன்றையே, இரத்த உறவு நெருங்காமல் பெருக்குவது. உடன்பிறந்தவற்றையே இணைத்துக்கொண்டு போனால் மூன்றாம் தலைமுறையளவில் பெரும்பாலும் அந்த வம்சமே அற்றுப்போகும். இந்த விடயத்தில் கோழி தாங்குமளவுக்குக் காடை தாங்காது. 6, 7 வாரங்களில் முட்டையிடத் தொடங்கும் பறவை என்பதால், ஒரு வருடம் கவனிக்காமல் விட்டாலே கூட்டம் கெட்டுவிடும்.

செய்முறையைப் பாருங்கள். கூட்டத்தைப் பல குடும்பங்களாகப் பிரிக்கிறோம். பெண் குஞ்சு தாயின் குடும்பத்திலேயே நிற்கும்; ஆண் குஞ்சு அடுத்த குடும்பத்துக்குப் போகும். இதற்கு மட்டக்களப்பில் இருந்துகொண்டு வேறு சொல் தேடுவானேன்? தாய்வழியில் வருவது குடி, ஒரே குடிக்குள் மணம் இல்லை என்பது இங்கும் அம்பாறைக் கரையோரத்திலும் தமிழரும் முஸ்லிம்களும் அறிந்த முறை. ஆகவே குடும்பத்துக்குக் 'குடி', முறைக்குக் 'குடிமாற்று இணைவிப்பு'. பேச்சில் 'குடிமாற்று' என்றாலே விளங்கும்.

மனிதரின் குடிப்பெயரைப் பறவைக்கு இடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நமது உயிரியல் பாடநூல்கள் பூச்சிக்கும் மீனுக்கும் 'குடித்தொகை' என்றே எழுதுகின்றன. அதனால் யாருக்கும் மதிப்புக் குறைந்ததில்லை.

சொல் தெளிவாக இருக்க வேண்டியது வேலை நடக்கும் இடத்தில். காடை முட்டையின் ஓடு முழுவதும் கரும்புள்ளி; எந்தக் குடியின் முட்டை என்று காட்டும் எழுத்தை இட வெறுமையான இடத்தைத் தேடிப் பென்சிலால் மெதுவாக எழுத வேண்டும். ஒரே பேடு இடும் முட்டைகளில் புள்ளிக்கோலம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், பழகிய கண் பிழையைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் 17ஆம் நாளளவில் குஞ்சு வெளிவந்து ஓடு நொறுங்கியபின் எழுத்தும் இல்லை, கோலமும் இல்லை. பொரிப்புத் தட்டில் இரண்டு குடிகளின் குஞ்சுகள் கலந்தால் பதிவேடு அன்றோடு பயனற்றது. மூன்றாவது வாரத்தில் ஆணின் நெஞ்சு செம்பழுப்பாகவும் பெண்ணின் நெஞ்சு புள்ளியாகவும் மாறும். அப்போது பால் தெரியும், குடி தெரியாது.

அதனால் பொரிப்புத் தட்டைக் குடிவாரியாக மறிக்கும் கம்பிவலைக்கும் ஒரு சொல் வேண்டும். 'குடித்தடுப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன்; இதைவிடப் பொருத்தமானது இருந்தால் சொல்லுங்கள், ஐயா.